வயல்மேற் செல்லும் மின்சாரக் கம்பியின் தொய்வு

கோபுரங்களுக்கிடையே மின்சாரக் கம்பி தொய்ந்திருப்பதைக் கண்டு, வேலை திருந்தச் செய்யப்படவில்லையெனக் குடியானவர் சிலர் கருதுவதுண்டு. அது சரியன்று. விறைப்பாக இழுத்துக் கட்டிய கம்பி, குளிர்காலத்தில் சுருங்கி இழுவை மிகுந்து அறுபடக் கூடும். ஆகையால் தொய்வு கணக்கிட்டே விடப்படுகிறது. கம்பியும் இழுவையும் மாறாதிருக்க, கோபுரங்களின் இடைத்தூரம் இருமடங்கானால் தொய்வு நான்கு மடங்காகும். வெயிலாலும் தன்னுள் ஓடும் மின்சாரத்தாலும் கம்பி சூடேறி நீளும். காலையிற் கண்ட உயரம் நடுப்பகலில் இராது. மிகுந்த உஷ்ணத்தில் கம்பி தாழும் நிலையைக் கொண்டே கோபுரத்தின் உயரம் தீர்மானிக்கப்படுகிறது.

110 கிலோவோல்ட் கம்பிக்கும் தரைக்கும் 6.1 மீட்டர், அதாவது 20 அடி, இடைவெளியேனும் வேண்டுமென 1956-ம் வருஷத்து இந்திய மின்சார விதிகள் வகுத்தன. ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து கழற்றும் இரும்புக் குழாயின் நீளமும் ஏறக்குறைய அவ்வளவே! அதைக் கம்பியின் கீழ் நிமிர்த்தினால், தொடுமுன்னரே மின்சாரம் தாவி ஆளைக் கொல்லும். வரப்பை மண்ணிட்டு உயர்த்தினாலும் வைக்கோற்போர் போட்டாலும் இடைவெளி அந்த அளவுக்குக் குறைந்துபோம். நெல், கடலை பயிரிடத் தடையில்லை. தென்னையும் மூங்கிலும் ஆகா. புதிதாய்க் கிணறு போடுவோர் கம்பியினின்று நன்கு விலகியே இடங்குறித்தல் வேண்டும்.