எப்போது ஸ்டார்ட் ஆகிறது?

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாளில் தாமதமாகப் போனேன். காரணம் என் பழைய மாருதி 800. மார்கழியில் மேடவாக்கத்தில் விடிகாலைப் பனி கார் கண்ணாடியில் வடியும். பக்கத்தில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் வேறு. அன்று செல்ஃப் நன்றாகவே சுழன்றது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. அதற்கு முந்தைய வாரமும் இதே கதைதான். வந்து பார்த்த மெக்கானிக் முதலில் மூன்று ஸ்பார்க் பிளக்குகளையும் மாற்றினார். சரியாகவில்லை என்றதும் பேட்டரியை மாற்றச் சொன்னார். நாலாயிரம் ரூபாய்க்கு மேல் செலவானது. புது பேட்டரியில் செல்ஃப் முன்னைவிட வேகமாகச் சுழன்றது. இன்ஜின் பழையபடியே இருந்தது.

அன்றைக்கு ஒன்பதாம் வகுப்பில் ஆவியாதல் பற்றிய பாடம். தாமதத்துக்குக் காரணம் சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். பின்வரிசையில் இருந்து ஒரு மாணவி கேட்டாள்.

"சார், வண்டி எப்போ ஸ்டார்ட் ஆகுது?"

"ஆகலையேம்மா, அதுதானே பிரச்சினை."

"இல்ல சார், காலைல வரலைன்னா மத்தியானம் வருதா?"

வருகிறது. பன்னிரண்டு மணிக்கு மேல் ஒரே முயற்சியில் பிடித்துவிடும். "ஆக்ஸிலரேட்டரை நாலஞ்சு தடவை மிதிச்சா?" என்றாள். மிதித்தால் ஒரு கணம் பிடித்து உடனே அணைந்துவிடும் என்றேன். "அப்ப பெட்ரோலும் வருது, ஸ்பார்க்கும் வருது சார். சோக் முழுசா மூடுதான்னு பாத்தீங்களா?"

அவளுடைய அப்பா கூட்டு ரோடு பக்கம் ஒரு சிறிய பட்டறையில் வேலை செய்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. மாலையில் ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு சோக்கை இழுத்துப் பார்த்தேன். கார்பரேட்டரின் வாயில் இருக்கும் தகடு பாதிதான் மூடியது. கேபிளைப் பிடித்திருந்த திருகு தளர்ந்து கம்பி வழுக்கியிருந்தது. இறுக்குவதற்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதுமானதாக இருந்தது.

பிளக்கையும் பேட்டரியையும் மாற்றியவர் செய்தது ஊகம். மாணவி செய்தது நோயறிதல். ஆவியாதலைப் பல ஆண்டுகளாகக் கற்பிக்கும் நான் இரண்டையுமே செய்யவில்லை என்பதுதான் இதை எழுத வைத்தது.

இன்ஜினுக்கு எது குளிர்?

சென்னையில் ஜனவரி மாதத்தில்கூட அதிகாலை வெப்பநிலை சராசரியாக 20, 21 டிகிரி செல்சியஸ்தான். உதகையில் புல்வெளி உறையும் குளிரோடு இதை ஒப்பிடவே முடியாது. ஆனால் ஓடிச் சூடான ஒரு இன்ஜினின் குளிர்நீர் 80, 90 டிகிரியில் இருக்கும். அந்தக் கணக்கில் 21 டிகிரியும் குளிர்தான், மதியத்தின் 30 டிகிரியும் குளிர்தான். கார்பரேட்டர் கார்களுக்கு நம் ஊரிலும் சோக் இருப்பது இதனால்தான்.

பெட்ரோல் ஒரே பொருள் அல்ல, பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. சில 35 டிகிரி அளவிலேயே கொதிக்கும், சில 200 டிகிரி வரை தாங்கும். ஸ்பார்க் பற்றவைப்பது திரவத்தை அல்ல, காற்றோடு கலந்த ஆவியை. ஏறக்குறைய 15 பங்கு எடைக் காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் ஆவி என்ற அளவில் அது நன்றாக எரியும். குளிர்ந்த இன்ஜினில் எளிதில் ஆவியாகும் பகுதி மட்டும் ஆவியாகிறது. மீதி துளிகளாகவே உட்குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. கார்பரேட்டர் சரியான அளவு பெட்ரோலைக் கொடுத்தாலும் சிலிண்டருக்குள் போய்ச் சேரும் ஆவி போதவில்லை.

அதற்கு எளிய வழி, பல மடங்கு பெட்ரோலைக் கொடுப்பது. பத்து பங்கு கொடுத்தால் அதில் எளிதில் ஆவியாகும் பகுதியும் கூடும் அல்லவா? சோக் தகடு காற்று வரும் வாயை மூடுகிறது. பிஸ்டன்கள் இழுக்கும்போது தகட்டுக்குக் கீழே அழுத்தம் மிகவும் குறைகிறது, ஜெட் வழியாகப் பெட்ரோல் கூடுதலாக ஏறி வருகிறது.  (அம்பாசிடரில் இருந்த எஸ்.யூ. கார்பரேட்டரில் இந்தத் தகடு கிடையாது. அங்கே சோக்கை இழுத்தால் ஜெட் கீழே இறங்கி வழி பெரிதாகும். விளைவு ஒன்றுதான்.)

சோக் பாதி மட்டும் மூடினால்? 30 டிகிரியில் ஆவி எப்படியோ போதும், 21 டிகிரியில் போதாது. காலையில் வராத கார் மதியம் வந்ததற்கு இதுதான் காரணம். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது கார்பரேட்டரில் உள்ள சிறிய பம்ப் கொஞ்சம் பெட்ரோலைப் பீய்ச்சும். சோக் செய்யாத வேலையை அது ஒரு கணம் செய்ததால்தான் இன்ஜின் பிடித்து அணைந்தது. "எப்போது ஸ்டார்ட் ஆகிறது" என்ற கேள்வி எத்தனை பாகங்களைச் சந்தேகத்திலிருந்து விடுவித்துவிட்டது பாருங்கள்.

இன்று விற்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வண்டிகளுக்கு இந்தச் சிக்கலைக் கூட்டுகிறது. எத்தனாலின் ஆவியாதல் உள்ளுறை வெப்பம் பெட்ரோலைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். வகுப்பில் மாணவர்களின் உள்ளங்கையில் ஒரு சொட்டு சானிடைசர் விட்டால் அந்தக் குளிர்ச்சியை உணர்வார்கள். கார்பரேட்டருக்குள்ளும் அதே குளிர்ச்சிதான். தவிர, பழைய ரப்பர் குழாய்களையும் பம்பின் சவ்வையும் அது கெடுக்கக்கூடும்.

அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

முதல் கேள்வி, செல்ஃப் எப்படிச் சுழல்கிறது என்பது. மெதுவாக முனகினால் பேட்டரி, அதன் முனைகளில் பூத்த வெள்ளைப் பொடி, தரைக் கம்பியின் இணைப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. செல்ஃப் சுழலும்போது மின்னழுத்தம் 9.6 வோல்ட்டுக்கும் கீழே விழுந்தால் பேட்டரி நலிந்துவிட்டது என்று கொள்ளலாம். வேகமாகச் சுழலும் இன்ஜினுக்குப் புது பேட்டரி வாங்குவது வீண். இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் வலிக்கிறது.

வேகமாகச் சுழன்றும் பிடிக்கவில்லை என்றால் எரிபொருளா, தீப்பொறியா என்று பிரிக்க வேண்டும். இன்ஜினை நிறுத்தி வைத்து, ஏர் ஃபில்டரைத் திறந்து, ஆக்ஸிலரேட்டரை ஒருமுறை மிதிக்கச் சொல்லி கார்பரேட்டருக்குள் பார்த்தால் மெல்லிய தாரையாகப் பெட்ரோல் பாய்வது தெரியும். பாய்ந்தால் மிதவை அறையில் பெட்ரோல் இருக்கிறது. பாயாவிட்டால் இன்னொரு கேள்வி: தினமும் எடுக்கும் வண்டியா, ஒரு வாரம் நின்ற வண்டியா? நின்ற வண்டியில் மிதவை அறைப் பெட்ரோல் ஆவியாகிப் போயிருக்கும். இன்ஜின் சுழன்றால்தான் பம்ப் வேலை செய்யும் என்பதால் அறை நிரம்பக் கொஞ்ச நேரம் எடுக்கும். அது கோளாறு அல்ல. தினமும் எடுக்கும் வண்டியிலும் இப்படி என்றால் பம்பையும் குழாய் விரிசலையும் பார்க்க வேண்டும்.

பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது மருத்துவர் நாக்கை நீட்டச் சொல்வது போல. பலமுறை செல்ஃப் அடித்த பிறகும் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை, அல்லது சோக் மூடவில்லை. நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் தீப்பொறி இல்லை, அல்லது பெட்ரோல் மிகுந்துவிட்டது. பெட்ரோல் மிகுந்திருந்தால் சோக்கைத் திறந்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடியே சில நொடி செல்ஃப் அடித்தால் காற்று புகுந்து சரியாகும். காய்ந்த கரிப்பொடி படிந்திருந்தால் சோக் திறக்காமலே வண்டி ஓடியிருக்கிறது என்று பொருள்.

நம் பகுதியில் மறக்கக் கூடாதது ஈரம். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு பனிக்காலம் வந்துவிடும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்திலும் பிளக் வயர்களிலும் படியும் ஈரத்தின் வழியே உயர் மின்னழுத்தம் கசிந்தால் தீப்பொறி பிளக்குக்குப் போய்ச் சேராது. வெயில் ஏறினால் ஈரம் காய்ந்து இந்த வண்டியும் மதியம் ஸ்டார்ட் ஆகும்! இங்கேதான் நோயறிதல் சுவையாகிறது. அறிகுறி ஒன்று, காரணம் இரண்டு. பிரித்தறிய மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்துப் பார்க்கலாம். உடனே பிடித்தால் ஈரம்தான். ஆனால் அதே நேரத்தில் சோக்கையும் சரிசெய்துவிட்டால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்று ஆய்வகத்தில் சொல்கிறோமே, அதே விதிதான்.

வகுப்பறையில்

இதற்குக் கார் தேவையில்லை. ஒரு குழு 'கார்' ஆகிறது. அதனிடம் ஒரு கோளாறு எழுதிய சீட்டு இருக்கும்: சோக் கேபிள் தளர்வு, பேட்டரி முனையில் பொடி, டிஸ்ட்ரிபியூட்டரில் ஈரம், மிதவை அறை காலி. மற்ற குழு எட்டு கேள்விகளுக்குள் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் முன்பு, "இதற்கு ஆம் என்றால் எது நீங்கும், இல்லை என்றால் எது நீங்கும்" என்று சொன்னால்தான் பதில் கிடைக்கும். என் வகுப்பில் முதல் சுற்றில் எல்லாரும் "பேட்டரி கெட்டுப்போச்சா?" என்றே தொடங்கினார்கள். மூன்றாம் சுற்றில் "நேத்து ராத்திரி மழையா?" என்று ஒருவன் கேட்டான். தொடக்கநிலையில் இதையே எரியாத டார்ச் விளக்கை வைத்துச் செய்யலாம். நான்காம் வகுப்புக் குழந்தைக்கும் செல், பல்பு, சுவிட்ச் மூன்றும் பிடிபடும்.

சோக்கை நேரில் காட்ட வேண்டுமென்றால் பழைய இருசக்கர வாகனம் போதும். மாருதி 800-லேயே 2000-ஆம் ஆண்டு வாக்கில் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை வந்துவிட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் புதிய பைக்குகளிலும் பெரும்பாலும் அதுதான். அங்கே வெப்ப உணரியும் கணினியும் சேர்ந்து சோக்கின் வேலையைச் செய்கின்றன. மாணவர்களைப் பார்க்க மட்டும் அனுமதியுங்கள். திறந்த பெட்ரோலும் தீப்பொறிச் சோதனையும் வகுப்பறைக்கு உரியவை அல்ல, தேர்ந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓடவிடவும் கூடாது, புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது.

விளையாட்டின் கடைசிச் சுற்றில் அந்த மாணவியின் குழுதான் 'கார்'. எட்டு கேள்வியும் முடிந்தும் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. சீட்டைப் பிரித்தேன். நான் எழுதிக் கொடுத்ததை அடித்துவிட்டு அவளே ஒன்றை எழுதியிருந்தாள்: "காலையில் வரும். மதியம் வெயிலில் ஓட்டி நிறுத்தினால் அரை மணி நேரம் வராது. ஏன் சார்?"

அடுத்த வாரம் கொதித்தல் பாடத்தை அதிலிருந்துதான் தொடங்கினேன்.