கொலை நடந்த வீடு... வாங்கலாமா?

'நல்ல காற்றோட்டம், கிணறு, கார் ஷெட் எல்லாம் இருக்கு. விலையும் பாதிதான். ஆனா...' என்று புரோக்கர் இழுக்கிறார். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் ஒரு கொலை! நீங்கள் என்ன செய்வீர்கள்? 'ஐயையோ, சும்மா கொடுத்தாலும் வேண்டாம்' என்று ஓடுவீர்களா? 'செத்தவங்க என்ன, எழுந்தா வரப்போறாங்க?' என்று அட்வான்ஸை நீட்டுவீர்களா?

அவசரப்படாதீர்கள். முதலில் அமெரிக்காவில் நடந்த இந்த விஷயத்தைக் கேளுங்கள்.

28 நாள் குடித்தனம்

நியூயார்க் மாநிலம், லாங் ஐலண்டில் அமிட்டிவில் என்று ஓர் ஊர். 1974 நவம்பர் 13 விடியற்காலை, அங்கே ஒரு பெரிய வீட்டில் ரொனால்ட் டிஃபியோ என்ற 23 வயது வாலிபன் தன் அப்பா, அம்மா, இரண்டு தம்பிகள், இரண்டு தங்கைகள் என ஆறு பேரையும் சுட்டுக் கொன்றான்.

மறு வருடம் டிசம்பரில் லட்ஸ் தம்பதி மூன்று குழந்தைகளுடன் அதே வீட்டில் குடியேறினார்கள். விலை 80,000 டாலர். கொலை விஷயம் தெரிந்தேதான் வாங்கினார்கள். ஆனால் இருந்தது 28 நாள்தான்! சாமான்களைக்கூட எடுக்காமல் கிளம்பிவிட்டார்கள். 'சத்தம் கேட்குது, கெட்ட வாடை வருது, தினமும் ராத்திரி மூணேகாலுக்கு முழிப்பு வருது' என்றார்கள். அந்தக் கதை 1977-ல் புத்தகமாகி, 1979-ல் சினிமாவும் ஆனது.

அதே வீட்டை 1977-ல் இன்னொரு தம்பதி வாங்கி, சுமார் பத்து வருடம் வாழ்ந்தார்கள். பேய் வந்ததா? இல்லவே இல்லை. வந்தது வேடிக்கை பார்க்கும் கூட்டம்தான்! அந்தத் தொல்லையால் பின்னாளில் வீட்டின் கதவு எண்ணையும், பிரபலமான ஜன்னல்களின் வடிவத்தையும் மாற்ற வேண்டி வந்தது. கொலையாளியின் வக்கீலே 1979-ல், 'ஒயின் பாட்டில்களுக்கு நடுவில் நாங்கள் சேர்ந்து ஜோடித்த கதை அது' என்கிற மாதிரி போட்டு உடைத்தார். லட்ஸ் தம்பதியோ, பெரும்பாலும் நிஜம்தான் என்று சாதித்தார்கள்.

அது நிஜமோ, ஜோடனையோ... அப்படிப்பட்ட அறிகுறிகள் சாதாரண வீடுகளிலும் வருவதுண்டு. அவற்றுக்கு என்ன காரணம்?

உடம்பு சொல்லும் பதில்

ராத்திரியில் நாம் எல்லோருமே பல முறை லேசாக விழிக்கிறோம். ஆழ்ந்த தூக்கம் முன்னிரவில்தான் அதிகம். அதனால் இரண்டு, மூன்று மணிக்கு முழிப்பு வருவது சகஜம். புரண்டு படுத்தால் மறந்துபோகும். பயத்தோடு கடிகாரத்தைப் பார்த்தால் மனசில் பதிந்துவிடும். மறுநாள் அதே நேரத்தை எதிர்பார்த்துப் படுக்கிறோம். அப்புறம் தூக்கம் எங்கே வரும்?

நெஞ்சில் யாரோ உட்கார்ந்து அழுத்துவது போல, கை காலை அசைக்க முடியாமல் போவதும் உண்டு. 'அமுக்குவான்' என்று சொல்வார்களே, அதுதான். கனவு காணும் நேரத்தில் தசைகள் தளர்ந்திருக்கும். அந்த நிலை கலைவதற்குள் மூளை விழித்துக்கொண்டால் இப்படி ஆகும். தூக்கம் கெட்டவர்களுக்கு இது அதிகம்.

இன்னொரு காரணம் ஆபத்தானது. 1921-ல் வில்மர் என்ற அமெரிக்கக் கண் டாக்டர் ஒரு 'பேய் வீட்டை'ப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். காலடிச் சத்தம், உருவங்கள், தலைவலி என்று அந்தக் குடும்பமே அவதிப்பட்டது. கடைசியில் பார்த்தால், பழுதான கணப்பு அடுப்பிலிருந்து கார்பன் மோனாக்சைடு வாயு கசிந்திருக்கிறது! அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. காற்றோட்டம் இல்லாத பாத்ரூமில் கேஸ் கீசர் இருந்தால் நம் வீட்டிலும் இதே ஆபத்துதான்.

துவைத்தாலும் போகாத கறை

'எல்லாம் மனப்பிராந்தி' என்று பயப்படுகிறவர்களைக் கேலி செய்யாதீர்கள். உளவியல் பேராசிரியர் பால் ரோசின் தன் ஆய்வுகளில் கண்ட விஷயம் இது: ஹிட்லர் போட்ட ஸ்வெட்டர் என்றால், நன்றாகத் துவைத்த பிறகும் அதைத் தொட்டுப் போட்டுக்கொள்ளப் பலருக்கு மனசு வருவதில்லை. படித்தவர்களும் இதற்கு விலக்கில்லை. மனசில் படிந்த கறை பெயின்ட் அடித்தால் போகாது.

வாங்கும் முன்...

1. நேரடியாகக் கேளுங்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில், மூன்று வருடத்துக்குள் அந்த வீட்டில் மரணம் நடந்திருந்தால் வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும். நம் ஊர் வில்லங்கச் சான்றிதழில் பத்திரப் பதிவு விவரம்தான் இருக்கும், கொலை இருக்காது. அக்கம்பக்கத்தில், பெட்டிக்கடையில் விசாரியுங்கள்.

2. பகலில் ஒரு முறை, இருட்டிய பிறகு ஒரு முறை குடும்பத்தோடு போய்ப் பாருங்கள். ஈரச்சுவர், கேஸ், வயரிங் எல்லாவற்றையும் சோதியுங்கள்.

3. குழந்தைகளிடம் மறைக்காதீர்கள். ஸ்கூலில் எவனாவது கண், காது, மூக்கு வைத்துச் சொல்வான். 'முன்னாடி இங்கே ஒரு துக்கம் நடந்தது, இப்போ இது நம்ம வீடு' என்று நீங்களே சுருக்கமாகச் சொல்லுங்கள்.

4. சமீபத்தில் துக்கத்தைப் பார்த்தவர்கள், மன அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் டாக்டரிடம் கலந்து பேசுங்கள். குடிபோன பிறகு இரண்டு, மூன்று வாரம் தொடர்ந்து தூக்கம் கெட்டாலும் அப்படியே.

கடைசியாக ஒன்று. ஐயா, காலையில் ஆபீஸ் போய் ராத்திரி திரும்புகிற நீங்கள், 'எனக்குப் பயமில்லை' என்று சொல்வது சுலபம். மத்தியான நேரத்தில் அந்த வீட்டில் தனியாக இருக்கப்போவது உங்கள் மனைவியோ, வயசான அம்மாவோதான். மிச்சமாகும் பணத்தைக் காட்டி அவர்களைத் தலையாட்ட வைக்காதீர்கள். அவர்கள் முழு மனசோடு 'சரி' என்றால் தைரியமாகப் பால் காய்ச்சுங்கள். அரை மனசு என்றால், அந்த வீடு உங்களுக்கு மலிவே இல்லை!