குடலில் ஒரு சாவி, ஜீனில் ஒரு சாவி

கடற்கரையிலிருந்து படாளத்துக்கு வரும் மீன் வெயிலில் கிடந்தால் நாறுகிறதல்லவா? பாக்டீரியாக்கள் உண்டாக்கும் டிரைமெத்திலமைன் என்னும் வாயுவே அதற்குக் காரணம். அதே வாயு நம் குடலிலும் உண்டாகிறது!

முட்டையிலுள்ள கோலின், ஆட்டிறைச்சியிலுள்ள கார்னிடின் ஆகியவற்றிலிருந்து குடல் பாக்டீரியாக்கள் அதைத் தயாரிக்கின்றன. இரத்தத்தில் கலந்து அது கல்லீரலை அடைகிறது. அங்கே ஒரு ஜீனின் கட்டளைப்படி உருவாகும் நொதி, அதனுடன் ஆக்சிஜனைச் சேர்த்து டி.எம்.ஏ.ஓ. என்ற பொருளாக மாற்றுகிறது. இப்பொருள் இரத்தத்தில் மிகுந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத அபாயமும் மிகுந்திருப்பதை 2013-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து ஆய்வாளர்கள் கண்டனர். அது நோயை உண்டாக்குகிறதா, நோயுடன் சேர்ந்து காணப்படுகிறதா என்பது இன்னும் ஆராயப்படுகிறது.

தொடர்ச்சுற்றில் இரண்டு சாவிகள் உள்ளன என்று கொள்வோம். எந்த ஒன்றைத் திறந்தாலும் மின்னோட்டம் நின்றுவிடும். இங்கும் அப்படியே. பாக்டீரியாக்களை மருந்தால் அடக்கியபோது டி.எம்.ஏ.ஓ. ஏறக்குறைய மறைந்தது, மருந்தை நிறுத்தியபின் திரும்பி வந்தது. கல்லீரல் ஜீன் பழுதுபட்டவர்களிடமோ வாயு மாறாமல் தங்கி, உடலே மீன்போல் நாறும்.

பாக்டீரியாவின் துணையின்றியே இதயத்தைப் பாதிக்கும் ஜீன்களும் உண்டு. இந்தியரில் நூற்றுக்குச் சுமார் 4 பேருக்கு, இதயத் தசைப் புரதத்துக்கான ஜீனில் 25 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்டுள்ளன. மதுரை, ஐதராபாத் விஞ்ஞானிகள் அடங்கிய குழு 2009-இல் இதை வெளியிட்டது. இவர்களுக்கு நடுவயதுக்குப் பின் இதயம் தளரும் வாய்ப்பு அதிகம்.

பெற்றோர் தந்த ஜீனை நாம் மாற்ற இயலாது. ஆனால் குடல் பாக்டீரியாக்களுக்கு இடும் உணவு நம் கையில் உள்ளது. ஆட்டிறைச்சியைக் குறைத்து, கீரை, பயறு, கேழ்வரகு உண்போம். குடும்பத்தில் எவருக்கேனும் இதய நோய் இருந்தால், வீட்டுப் பெரியவர்களை மருத்துவரிடம் சோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.