இசைத்தட்டு வாங்கவும் காக்கவும் கேட்கவும்: 14 குறிப்புகள்

மெல்போர்னைச் சேர்ந்த 'கிங் கிஸர்ட் அண்ட் த லிஸார்ட் விஸார்ட்' என்ற சைக்கடெலிக் ராக் குழு, 2017-இல் மட்டும் ஐந்து ஆல்பங்களை வெளியிட்டது. அவற்றில் நான்காவதான 'பாலிகோண்ட்வானாலேண்ட்' நவம்பர் 17-ஆம் தேதி வந்தது. குழு அதன் இசைக்கோப்புகளையும் உறை ஓவியத்தையும் இணையத்தில் இலவசமாக வைத்து, விரும்பியவர்கள் தட்டாக அச்சிட்டு விற்கலாம் என்று அனுமதித்தது. பல நாடுகளில் சிறு நிறுவனங்களும் ரசிகர்களும் அச்சிட்டார்கள். ஒரே ஆல்பம் இப்படிப் பல பதிப்புகளாகக் கிடைப்பதால், இசைத்தட்டு சேகரிக்கத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

1. வாங்குமுன் ஆல்பத்தை முழுதாக ஒருமுறை கேளுங்கள். 'பாலிகோண்ட்வானாலேண்ட்' ஆல்பத்தின் முதல் பாடலான 'கிரம்ப்ளிங் காஸில்' பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும். அது உங்களை உட்காரவைத்தால் தட்டுக்குப் பணம் கொடுங்கள். அரிய பதிப்பு என்பதற்காக மட்டும் எதையும் வாங்க வேண்டாம்.

2. தட்டை விளக்கின் கீழ் சாய்த்துப் பாருங்கள். கடைசிப் பாடலுக்கும் நடுவிலுள்ள லேபிளுக்கும் இடையே இருக்கும் வெற்று வளையத்தில் எழுத்தும் எண்ணும் கீறப்பட்டிருக்கும். எந்தப் பதிப்பு என்பதை உறையைவிட அதுவே சரியாகச் சொல்லும்.

3. 180 கிராம் கனமான தட்டு என்றதும் ஒலியும் உயர்ந்தது என நினைக்காதீர்கள். இந்த ஆல்பத்தில் எல்லோருக்கும் கிடைத்த கோப்பு ஒன்றுதான். பள்ளம் வெட்டியவரின் கையும் அச்சுக்கூடத்தின் தரமும்தான் வேறுபடும். நல்ல கறுப்புத் தட்டு, மோசமாக அச்சான வண்ணத் தட்டைவிட மேல்.

4. பழைய தட்டுகளுக்கு 'மின்ட்', 'நியர் மின்ட்', 'விஜி பிளஸ்' (வெரி குட் பிளஸ்) என்று மேலிருந்து கீழாகத் தரம் குறிப்பார்கள். தட்டுக்கும் உறைக்கும் தனித்தனியே தரம் கேளுங்கள். நகத்தில் தட்டுப்படும் கீறல் ஒலியிலும் பெரும்பாலும் கேட்கும்.

5. வெளியூரிலிருந்து வரவழைத்தால், தட்டை அட்டை உறைக்குள் வைக்காமல் உறைக்குப் பின்னால் தனியே வைத்து அனுப்பச் சொல்லுங்கள். உள்ளேயே இருந்தால் வழியில் குலுங்கி உறையின் விளிம்பைக் கிழித்துவிடும்.

6. பார்சல் வந்ததும் ஓடவிடத் துடிக்காதீர்கள். வண்டியிலும் வெயிலிலும் இருந்து வந்தது. சில மணி நேரம் அறைச் சூட்டுக்கு வரட்டும். பிறகு பிளேயரில் வைத்துச் சுழலவிட்டு, பக்கவாட்டிலிருந்து பார்த்தால் வளைவு தெரிந்துவிடும்.

7. ஊசியின் அழுத்தத்தைச் சரிசெய்ய வழியுள்ள டர்ன்டேபிள் வாங்குங்கள். ஊசியைத் தாங்கும் பாகமான கார்ட்ரிட்ஜ்களில் பெரும்பாலானவற்றுக்கு 1.5 முதல் 2 கிராம் வரை போதும். உங்களுடையதற்கு எவ்வளவு என்பதை அதன் குறிப்பேட்டில் பாருங்கள். அழுத்தம் மிகக் குறைந்தாலும் ஊசி பள்ளத்தில் தத்தித் தேய்மானம் உண்டாக்கும்.

8. ஊசி எத்தனை மணி நேரம் ஓடியது என்று ஒரு கணக்கு வையுங்கள். 500 முதல் 1,000 மணி நேரத்துக்குள் மாற்றிவிடுவது நல்லது. தேய்ந்த ஊசி, அருமையான தட்டையும் கெடுக்கும்.

9. தட்டின் வெளி விளிம்பில் பள்ளம் ஊசியின் அடியில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. வேகத்தில் ஓடும்; உள் விளிம்பில் அது 20 செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். அதனால் கடைசிப் பாடலில்தான் கரகரப்பு முதலில் தெரியும். 'பாலிகோண்ட்வானாலேண்ட்' முடியும் 'தி ஃபோர்த் கலர்' சத்தமாக உச்சத்துக்கு ஏறும் பாடல். அது தெளிவாகக் கேட்டால் உங்கள் கார்ட்ரிட்ஜ் சரியாகப் பொருந்தியிருக்கிறது.

10. ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் கார்பன் ஃபைபர் பிரஷால், பள்ளம் போகும் திசையிலேயே துடையுங்கள். பழைய பனியன் துணியும் கண்ணாடி துடைக்கும் திரவமும் வேண்டாம். ஈரத் துடைப்புக்கு டிஸ்டில்டு வாட்டர் பயன்படுத்துங்கள். குழாய் நீரின் உப்பு பள்ளத்தில் படியும். நடு லேபிளை நனைக்காதீர்கள்.

11. வீட்டில் தாத்தா காலத்து 78 வேகத் தட்டுகள் இருந்தால் அவற்றில் ஆல்கஹால் கலந்த திரவம் படவே கூடாது. அவை அரக்கில் செய்தவை, கரைந்துவிடும். வினைல் தட்டின் பராமரிப்பு வேறு, அவற்றின் பராமரிப்பு வேறு.

12. தட்டுகளை நூலகப் புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருப்பவை பாதிக்கப்படும். பரண், ஜன்னலோரம், காரின் பின்சீட் மூன்றும் சூடான இடங்கள், வேண்டாம். நூறு தட்டு சுமார் 25 முதல் 30 கிலோ வரை இருக்கும், பலமான அலமாரி தேவை. வெளியே பாலிபுரொப்பிலீன் உறை போடுங்கள். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பைகளை அலமாரியில் வைத்தால் அட்டையில் பூஞ்சை பிடிக்காது.

13. கேட்கும்போது ஒரு பக்கத்தை முழுதாகக் கேளுங்கள். 'பாலிகோண்ட்வானாலேண்ட்' ஆல்பத்தின் பாடல்களில் பலவும் இடைவெளியின்றி ஒன்றிலிருந்து ஒன்றாக வழுக்கிச் செல்பவை. இரண்டாம் முறை தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள். கருவிகள் வெவ்வேறு கணக்கில் ஓடிப் பிறகு ஓரிடத்தில் சேரும்; உங்கள் கை தடுமாறும் இடத்தில்தான் இந்த இசையின் சுகம் இருக்கிறது. பெயரையும் கவனியுங்கள்: பழைய பெருங்கண்டமான கோண்ட்வானா, மத்திய இந்தியாவின் கோண்டு மக்கள் வாழும் பகுதியிலிருந்து பெயர் பெற்றது.

14. ஒரு நோட்டில் நிறுவனம், நிறம், வளைய எண், விலை, வாங்கிய நாள் எல்லாம் எழுதிவையுங்கள். வாங்கியதையே மறுபடி வாங்க மாட்டீர்கள். அப்படியும் இரண்டு பிரதிகள் சேர்ந்துவிட்டால் ஒன்றை விற்காதீர்கள். இந்தக் குழுவை இதுவரை கேட்காத நண்பர் ஒருவருக்குக் கொடுங்கள். இந்த இசை முதலில் நமக்கு வந்ததும் அப்படித்தானே.