வடிகால் மடு தூராமல் காக்க

வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடையில் எங்கள் வயல். ஒட்டி ஓடும் வடிகாலின் வளைவுகளில் மீனுக்காகவே இடுப்பளவு மடு வெட்டி வைத்திருக்கிறோம். கோடையில் மற்ற இடம் வற்றினாலும் விராலும் குரவையும் அங்கே உயிர் பிடித்துக் கிடக்கும். மழைக்காலத்தில் வயலேறிக் குஞ்சு பொரிக்கும். ஆனால் ஆழமான இடத்தில் தண்ணீர் வேகம் தணிவதால், சுமந்து வரும் மண்ணும் அங்கேதான் படிகிறது. நான் கற்றுக்கொண்டவை இவை.

மண்வெட்டி எடுக்குமுன் மண்ணைப் பாருங்கள். மூங்கில் கழியைக் குத்தினால் வழுக்கி இறங்கும் வரை சேறு. டக்கென்று நிற்கும் இடம் பழைய தரை. நுனியில் கறுப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு ஒட்டி வந்தால் அது ஆகாயத்தாமரையும் கோரையும் மக்கிய சேறு. களையை அழுகும் முன்பே அரித்து வெளியேற்ற வேண்டும். பழுப்பாக, விரலில் மாவுபோல் நைந்தால் அது வயல்மண். மேலே எங்கோ வரப்போ கரையோ கரைகிறது.

வயல்மண் அதிகம் இறங்குவது தொளி உழவின்போது. சேறடித்த கலங்கல் தண்ணீரை அப்படியே வடிக்காதீர்கள். தெளியும் வரை வயலிலேயே நிறுத்துங்கள். தண்ணீர் விழும் மடைவாயில் கருங்கல் போடுங்கள். சரியும் கரையில் வெட்டிவேர் நடுங்கள். மடுவுக்குச் சற்று மேலே சிறு பள்ளம் வெட்டினால் மணல் முதலில் அங்கே தங்கும், அள்ளுவதும் எளிது.

ஜூன் 12 மேட்டூர் திறப்பை எதிர்பார்த்து, சித்திரை வைகாசியிலேயே தூர்வாரிவிடுங்கள். முழு வடிகாலையும் ஒரே ஆண்டில் வழிக்க வேண்டாம். ஒரு பகுதியை விட்டுவைத்தால் மீனுக்கு ஒதுங்க இடம் இருக்கும். பொக்லைன் வைத்தால் அடித்தளத்தை ஒரே மட்டமாக்க விடாதீர்கள். வளைவின் வெளிப்புறம் ஆழமாகவே இருக்கட்டும். அங்கே ஓட்டமே மண்ணை அரித்துக்கொண்டு போகும்.

அள்ளிய சேற்றைக் கரையில் மெல்லப் பரப்பிக் கையால் துழாவுங்கள். விரால் காற்றையும் சுவாசிக்கும் மீன். சேற்றுக்குள் உயிரோடு புதைந்திருக்கும். மீனையும் மட்டியையும் தண்ணீரில் விட்ட பிறகு, சேற்றை வயலுக்கோ தென்னைக்கோ கொண்டுபோங்கள். கரையில் குவித்தால் மழைக்குத் திரும்பவும் உள்ளேதான் விழும்.

கடைசியாக, மேல்வயல்காரர்களிடம் பேசுங்கள். வடிகாலில் இறங்குவது அவர்களுடைய மேல்மண். போட்ட உரமும் அதோடு போகிறது. அதைச் சொன்னால் யாரும் காது கொடுப்பார்கள். மண் அவரவர் வயலிலேயே நின்றால் தூர்வாரும் செலவு எல்லோருக்கும் குறையும், மடுவில் மீனும் தங்கும்.