வளைத்த கம்பியை நிமிர்த்தினால் என்ன?



எங்க அப்பா கட்டடத்தில் கம்பி கட்டும் வேலை செய்கிறார். போன மாதம் ஒரு நாள் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். தப்பாக வளைத்த கம்பியை நிமிர்த்தி, அதே இடத்தில் மறுபக்கம் வளைக்கச் சொன்னார்களாம். அப்பா மாட்டேன்னு சொல்லிட்டார். அன்றைய கூலி போச்சு. "நிமித்தினா என்னப்பா?" என்று கேட்டேன். "கம்பிக்கு உயிர் போயிடும்மா. ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது" என்றார். அதனால் அறிவியல் டீச்சரிடம் கேட்டும் படித்தும் இதை எழுதுகிறேன்.

ஒரு துண்டு கட்டுக்கம்பியை லேசாக வளைத்து விடுங்கள், பழையபடி நிமிர்ந்துவிடும். இது மீட்சி. இன்னும் வளைத்தால் வளைந்தபடியே நிற்கும். இதற்குப் பெயர் பிளாஸ்டிக் உருமாற்றம். (பிளாஸ்டிக் குடத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை!)

உலோகத்துக்குள் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கியிருக்கின்றன. வளைக்கும்போது ஒரு அடுக்கு இன்னொரு அடுக்கின் மேல் வழுக்குகிறது. முழு அடுக்கும் ஒரே நேரத்தில் வழுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று ரஷ்ய விஞ்ஞானி ஃபிரெங்கல் 1926-இல் கணக்குப் போட்டார். ஆனால் சுத்தமான உலோகப் படிகம் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு விசைக்கே வளைந்துகொடுத்தது. ஏன்?

ஆண்டு விழாவுக்கு நாம் ஜமுக்காளம் விரித்தோமே, ஞாபகம் இருக்கா? முழுசாக இழுத்தால் பத்து பேர் வேண்டும். ஒரு ஓரத்தில் சுருக்கம் உண்டாக்கி அதைத் தள்ளிக்கொண்டே போனால் ஒரு ஆளே நகர்த்திவிடலாம். அணு வரிசையிலும் இப்படிப் பிசகு இருக்கிறது, அதுதான் நகர்கிறது என்று 1934-இல் டெய்லர், ஓரோவான், பொலானி மூவரும் தனித்தனியாகச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் டிஸ்லொகேஷன். நான் 'வரிசைப் பிசகு' என்று பெயர் வைத்துக்கொண்டேன். 1956-இல்தான் கேம்பிரிட்ஜில் ஹிர்ஷ் குழுவினர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில், மெல்லிய அலுமினியத் தகட்டில், அது நகர்வதைக் கண்ணால் பார்த்தார்கள். 22 வருஷம் பார்க்காமலே நம்பியிருக்கிறார்கள்!

இப்போது அப்பா விஷயம். வளைக்க வளைக்கப் பிசகுகள் பெருகுகின்றன. தேர்த் திருவிழாக் கூட்டம் மாதிரி ஒன்றை ஒன்று நகரவிடாமல் சிக்கிக்கொள்கின்றன. அந்த இடம் கெட்டிப்படும். கெட்டியானால் நல்லதுதானேன்னு நினைக்காதீங்க. இனி வளைந்துகொடுக்க வழி இல்லாததால் விரிசல் விடும். கட்டுக்கம்பியை மாற்றி மாற்றி வளைத்து நான் எண்ணினேன். ஒன்று 14 தடவையில் முறிந்தது, இன்னொன்று 17.

முறிந்த இடத்தை உடனே தொட்டேன், சூடாக இருந்தது. நாம் செய்த வேலை எங்கே போகும்? ஆற்றல் அழியாது அல்லவா? டெய்லரும் ஃபேரனும் 1925-இலும், டெய்லரும் குவின்னியும் 1934-இலும் இதை அளந்தார்கள். பெரும்பகுதி, ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு, வெப்பமாகிறது. மீதி, பிசகுகளோடு உலோகத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது. நிமிர்த்தினாலும் அது திரும்பி வராது. வெளியே பார்த்தால் நேராக இருக்கும், உள்ளே நேராக இல்லை.

பழுக்கக் காய்ச்சினால் அணுக்கள் நகர்ந்து மறுபடி ஒழுங்காகும், தங்கிய ஆற்றலும் வெளியேறும். பாத்திரப் பட்டறையில் செம்பைத் தட்டித் தட்டி நடுவில் நெருப்பில் காட்டுவது இதற்குத்தான்.

"அப்போ அந்தக் கம்பியையும் நெருப்புல காட்டியிருக்கலாமேப்பா?" என்று அப்பாவிடம் கேட்டேன். சிரித்தார். டி.எம்.டி. கம்பியைச் சூடாக இருக்கும்போதே தண்ணீர் பீய்ச்சிக் குளிரவைத்து மேல்தோலைக் கெட்டியாக்கியிருக்கிறார்கள். மறுபடி காய்ச்சினால் அந்தக் கெட்டித்தன்மை போய்விடும். புதுக் கம்பிதான் வெட்டணும்.

மறுநாள் அப்பா வேறு சைட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார்.