மிட் லேண்டிங்கில் ஒரு விளக்கு

தம்பிக்கு,

வேளச்சேரி அடுக்ககத்துக்கு நீ போட்ட எலெக்ட்ரிக்கல் டிராயிங்கை நேற்று ராத்திரி பார்த்தேன். லோடு கணக்கு, கேபிள் சைஸ் எல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படிக்கட்டு எமர்ஜென்சி லைட்டுகளில்தான் எனக்குப் பேச்சு இருக்கிறது.

மாடிக்கு ஒன்றாக, லிஃப்ட் வாசலுக்கு நேரே வரிசையாக வைத்திருக்கிறாய். காகிதத்தில் நேர்த்திதான். மிட் லேண்டிங்கில் ஒன்றுகூடக் காணோம்! படி திரும்புகிற இடமே அதுதானே. முதுகுக்குப் பின்னால் விளக்கு இருந்தால், இறங்குகிற ஆளின் நிழல் அவர் அடுத்த காலை வைக்கப்போகிற படியிலேயே விழும். திரும்பியதும் அந்த வெளிச்சமும் இல்லை, ஸ்லாப் மறைத்துவிடும்.

இதைவிட எரிச்சல் வந்தது சப்ளையைப் பார்த்து. லாபி சர்க்யூட்டிலிருந்து எடுத்திருக்கிறாய். படிக்கட்டு எம்சிபி மட்டும் ட்ரிப் ஆனால்? படிக்கட்டு கும்மிருட்டு. லாபியில் கரண்ட் இருப்பதால் உன் விளக்கு நிம்மதியாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். எந்த விளக்கு அணைந்தால் இது எரிய வேண்டுமோ அதன் லைனிலிருந்தே எடு. சுவிட்சுக்கு முன்னாலிருந்து எடு. இல்லையென்றால் வாட்ச்மேன் காலையில் சுவிட்சை அணைக்கிறபோதெல்லாம் பேட்டரி இறங்கும்.

ஜெனரேட்டர் இருக்கிறதே என்பாய். பேனல் ரூமில் தீப்பிடித்தால் ஜெனரேட்டர் கரண்ட் எந்த வழியாக வரும்? 2015 வெள்ளத்தில் பேஸ்மெண்டோடு சேர்ந்து முங்கிய ஜெனரேட்டர்களை இந்த ஊர் பார்த்திருக்கிறது.

பேட்டரியையும் கண்ணை மூடி நம்பாதே. 2012 மின்வெட்டு உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்குமோ. எங்கள் குடியிருப்பில் படிக்கட்டு முழுக்க பிளாஸ்டிக் எமர்ஜென்சி லைட்டை ஆணியடித்து மாட்டினார்கள். தினமும் அடிமட்டம் வரை இறங்கி, பேட்டரிகள் ஒரு கோடையைக்கூடத் தாங்கவில்லை. பிறகு செக்ரட்டரி மாமா மாடிக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற ஆரம்பித்தார். மெழுகு சிந்திய படியில் வழுக்கி விழுந்தவரும் அவரேதான், பாவம்.

என் பழைய பாட்டையும் கேட்டுக்கொள். பட்டனை அழுத்தி, எரிகிறது என்று கையெழுத்துப் போடுவது டெஸ்ட் ஆகாது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு கேட்பது ஒன்றரை மணி நேரம். வருஷத்துக்கு ஒரு முறையாவது சப்ளையைத் துண்டித்துவிட்டு, கடைசி வரை எரிகிறதா என்று யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதற்கு மீட்டர் போர்டு பக்கத்தில் ஒரு சாவி சுவிட்ச் வேண்டும். உன் டிராயிங்கில் அது இல்லை. அடுத்தது பேட்டரி. படிக்கட்டின் உச்சியில், ஹெட்ரூமில் மொட்டைமாடிச் சூடு இறங்கும், முதலில் சாகிற பேட்டரி அங்கேதான். ஸ்பெக்கில் ‘ரீசார்ஜபிள்’ என்று மட்டும் எழுதினால் கான்ட்ராக்டர் கடையில் மலிவானதைத்தான் வாங்கி வருவார். நிக்கல் காட்மியமா, லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டா என்று பெயர் சொல்லி எழுது.

ஸ்டில்ட் பார்க்கிங்கில், படி முடிகிற கதவுக்கு வெளியிலும் ஒரு விளக்கு வைத்தாய் பார், அதற்கு உன்னை உச்சி முகரலாம். சொல்லாமலே அதை வைத்தவன் என்னிடம் வேலை பார்த்தவர்களில் ஒருத்தன்கூட இல்லை. வீட்டில் எல்லோருக்கும் டிராயிங்கை விரித்துக் காட்டினேன்.

திருத்தியதை வியாழக்கிழமைக்குள் அனுப்பு. கான்ட்ராக்டர் வெள்ளிக்கிழமை குழாய் பதிக்க ஆரம்பிக்கிறார்.